வேகத்தின் விலை: ஸ்போர்ட்ஸ் காரும் முன் இலக்கத் தகடும்

மோட்டார் வண்டியின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் அதன் இயந்திர வளர்ச்சியைப் பற்றியும் வீதிகளின் விருத்தியைப் பற்றியும் நிறைய எழுதியுள்ளனர். வண்டியின் முன்னும் பின்னும் தொங்கும் இலக்கத் தகட்டை அவர்கள் பெரும்பாலும் பொருட்படுத்தியதில்லை. அத்தகட்டை ஒட்டி எழுந்த பிணக்கு ஒன்றோ இன்றுவரை தீர்ந்தபாடில்லை. பெரும் பணங் கொடுத்து ஸ்போர்ட்ஸ் கார் வாங்குவோர், அதன் பின்புறத்தில் தகட்டை மாட்டத் தயங்குவதில்லை. முன்புறத்தில் மாட்டுவதற்கே மறுக்கின்றனர். தண்டம் கட்டுகின்றனர், ஸ்ரிக்கர் ஒட்டுகின்றனர், ஓரத்தில் ஒதுக்கிப் பொருத்துகின்றனர். இதனைச் செல்வரின் வீண் பிடிவாதம் எனத் தள்ளிவிடுவது எளிது. ஆயின் முன் தகடு எவ்வாறு, எதற்காகத் தோன்றிற்று என நோக்குமிடத்து, தகட்டுக்கும் வேகத்துக்கும் தொடக்கத்திலேயே ஓர் உடன்படிக்கை இருந்தமை புலனாகும். வேகத்திற்கென்றே பிறந்த வண்டி அவ்வுடன்படிக்கையின் விலையைக் கொடுக்க மறுப்பதே இப்பிணக்கின் உட்பொருள் எனலாம்.

1893ஆம் ஆண்டு ஆகஸ்ட் 14ஆந் திகதி பாரிஸ் நகரப் பொலிஸ் தலைமை பிறப்பித்த கட்டளையே இவ்வரலாற்றின் தொடக்கமாகப் பொதுவாகக் கொள்ளப்படுகின்றது. உரிமையாளரின் பெயர், முகவரி, அனுமதி இலக்கம் ஆகியவற்றைத் தாங்கிய தகடு ஒன்று வண்டியின் இடப்பக்கத்திற் பொருத்தப்பட வேண்டும் என அது விதித்தது. குதிரை வண்டியையொத்த வேகத்திற் செல்லும் ஊர்திக்கு இது போதுமானதாயிருந்தது. பக்கத்தில் நின்று ஒருவர் பெயரை வாசித்துவிடலாம். எட்டே ஆண்டுகளில் நிலைமை மாறிற்று. 1901 செப்டெம்பர் 10ஆந் திகதிய பிரெஞ்சு ஆணை, சமதரையில் மணிக்கு 30 கிலோமீற்றரைத் தாண்டவல்ல வண்டிகள் இரண்டு தகடுகளை, முன்னே ஒன்றும் பின்னே ஒன்றுமாக, எப்பொழுதும் கண்ணிற் படும்படி தாங்கவேண்டும் என்றது. இங்கு ஆழ்ந்து நோக்கத்தக்கது அந்த 30 என்னும் எல்லையே. மெதுவாகச் செல்லும் வண்டிக்கு இரு தகடு வேண்டியதில்லை. விரைந்து செல்வதற்கே அடையாளம் வேண்டியிருந்தது. முன் தகடு விரைவு வண்டிக்கெனப் பிறந்த ஒன்று என்பதற்கு இதனிலும் தெளிவான சான்று கிடைத்தல் அரிது.

பிரித்தானியாவில் இவ்வுடன்படிக்கை பாராளுமன்றத்தில் வெளிப்படையாகவே பேரம் பேசப்பட்டது. 1896ஆம் ஆண்டுச் சட்டம் மணிக்கு 14 மைல் வேகத்தை அனுமதித்திருந்தது. நடைமுறையில் அது 12 மைலாகக் குறைக்கப்பட்டது. மோட்டார் வண்டியை ஆதரித்தோர் இவ்வெல்லையை முற்றாக நீக்கும்படி வேண்டினர். நாட்டுப்புறத்தாரோ, புழுதியைக் கிளப்பி ஆடுமாடுகளை வெருட்டிவிட்டு மறைந்துபோகும் வண்டிக்காரனைப் பிடிக்க வழியென்ன என வினவினர். வேகம் வேண்டுமாயின் இலக்கத்தை ஏற்றுக்கொள்ளுங்கள் என்பதே விடையாயிற்று. 1903ஆம் ஆண்டின் மோட்டார் கார்ச் சட்டம் வண்டிகளைப் பதிவு செய்வதைக் கட்டாயமாக்கிற்று. சாரதிகளுக்கு அனுமதிப்பத்திரம் விதித்தது. கண்மூடித்தனமாக ஓட்டுதலைக் குற்றமாக்கிற்று. அதே வேளையில் வேக எல்லையை 20 மைலாக உயர்த்திற்று. எல்லை முற்றாக நீங்கவில்லையாதலால், மோட்டார்க்காரர் தாம் கேட்டதிற் பாதியையே பெற்றனர். இலக்கத்தை மட்டும் முழுமையாகக் கொடுத்தனர். 1904 ஜனவரி முதலாந் திகதி சட்டம் நடைமுறைக்கு வந்தது. 'ஏ 1' என்னும் இலக்கத்தைப் பெற்றவர், தத்துவஞானி பேர்ட்ரண்ட் ரசலின் தமையனாரான ரசல் பிரபு. அவ்விலக்கத்துக்காக அவர் இரவிரவாகக் காத்துநின்றார் என்றொரு கதையும் உண்டு. இலக்கத்தை இழிவெனக் கருதிய காலத்திலேயே அதனைப் பெருமையாகக் கொள்ளும் மனநிலையும் தோன்றிவிட்டது போலும்.

அந்த 20 மைல் எல்லை 1930ஆம் ஆண்டின் வீதிப் போக்குவரத்துச் சட்டத்தினால் நீங்கிற்று. பின்னர் ஊர்மனைப் பகுதிகளில் 30 மைல் எல்லை விதிக்கப்பட்டதாயினும், திறந்த வீதியில் 1965ஆம் ஆண்டின் இறுதிவரை பொதுவான எல்லை எதுவும் இருக்கவில்லை. பேரத்தில் எதிர்பார்க்கப்பட்ட வேகம் இவ்வாறு காலந்தாழ்த்தியேனும் கிடைத்தது. தகடுகள் இரண்டும் நிலைத்தன. பிரித்தானிய ஆட்சிக்குட்பட்டிருந்த நாடுகள் பலவற்றிலும் இவ்வழக்கமே வேரூன்றிற்று. இன்று இலங்கை வீதிகளிற் காணப்படும் முன் வெள்ளை, பின் மஞ்சள் என்னும் வேறுபாடும் பிரித்தானிய வழக்கையே ஒத்துள்ளது.

அமெரிக்கர் சென்ற வழி வேறு. நியூயோர்க் மாநிலம் 1901இல் இயற்றிய சட்டம், உரிமையாளரின் பெயரின் முதலெழுத்துக்கள் குறைந்தது 3 அங்குல உயரத்தில் வண்டியின் பின்புறத்தில் இருக்கவேண்டும் என்றது. தகட்டை உரிமையாளரே செய்துகொள்ள வேண்டும். அரசே தகடு வழங்கும் முறையை 1903இல் மசச்சூசெற்ஸ் தொடக்கிற்று. பின்புறத்தையே முதன்மையாகக் கொண்ட சட்டம், தப்பியோடும் வண்டியையே மனத்திற் கொண்டது. முன்னும் பின்னும் வேண்டும் சட்டம், எதிரே வரும் வண்டியையும் எண்ணிப் பார்ப்பது. காலப்போக்கிற் பல மாநிலங்கள் இரு தகட்டு முறைக்கு மாறினவாயினும் அதில் உறுதியாக நிற்கவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது உருக்குத் தட்டுப்பாடு ஏற்படவே பல மாநிலங்கள் ஒரு தகட்டோடு நிறுத்திக்கொண்டன. இலினோய் மாநிலம் 1943 முதற் சில ஆண்டுகள் சோயா அவரையிலிருந்து பெற்ற பொருள் கலந்த நார்ப்பலகையிலே தகடு செய்தது. கால்நடைகள் அதனைத் தின்றன என்பர். பென்சில்வேனியா 1952 முதல் பின் தகட்டோடு அமைந்தது. அமெரிக்காவில் முன் தகட்டை முதலில் அசைத்தது ஸ்போர்ட்ஸ் கார் அன்று. உருக்கின் விலையே எனலாம்.

ஸ்போர்ட்ஸ் காரின் பிணக்கு வடிவத்திலிருந்து எழுந்தது. 1904ஆம் ஆண்டு வண்டியின் முகம் செங்குத்தாக நிற்கும் ஒரு ரேடியேற்றர். அதன் கீழே தகட்டை மாட்டுவதால் அழகும் குறைவதில்லை, காற்றும் தடைப்படுவதில்லை. காற்றை ஊடறுத்துச் செல்லும் உடலமைப்புத் தோன்றிய பின்னர் நிலைமை வேறாயிற்று. 1961 மார்ச்சில் ஜெனீவாக் கண்காட்சியில் அறிமுகமான ஜாகுவார் ஈ-டைப் இதற்குத் தக்க உதாரணமாகும். அதன் உடலை வகுத்த மல்கம் சேயர், பிரிஸ்ரல் விமான நிறுவனத்திலிருந்து வந்தவர். அழகுக்காக அன்றிக் காற்றியக்கக் கணிதத்தின்படி வளைவுகளை அமைத்தவர். மணிக்கு 150 மைல் செல்லும் என விளம்பரப்படுத்தப்பட்ட அவ்வண்டியின் முகத்தில் இருந்தது முட்டை வடிவான ஒரு வாய் மட்டுமே. இயந்திரத்தைக் குளிர்விக்கும் காற்று அதனூடாகவே புகவேண்டும். நீள்சதுரத் தகடொன்றை அங்கே மாட்டினால் வாயை அடைத்ததாகும். பிரித்தானியாவிற் கண்ட தீர்வு எளிமையானது: பலர் இலக்கத்தை ஸ்ரிக்கராகப் பொனட்டின் மேலேயே ஒட்டிக்கொண்டனர். தகடு இல்லை, இலக்கம் உண்டு. சட்டத்தின் நோக்கமும் கலைஞனின் கோடும் ஒருங்கே காக்கப்பட்ட இத்தகைய சந்தர்ப்பங்கள் அருமையானவை.

இத்தாலியர் இன்னொரு வழி கண்டனர். அந்நாட்டின் முன் தகடு பின் தகட்டினும் சிறியது, சுவிற்சர்லாந்திலும் அவ்வாறே. அரசே வடிவமைப்பாளனுக்குச் சற்று விட்டுக்கொடுத்தது போன்ற ஏற்பாடு இது. அங்ஙனமிருந்தும் அல்பா ரோமியோ நிறுவனத்துக்கு அது போதவில்லை. வண்டியின் நடுவே கேடய வடிவில் அமைந்த காற்றுவாயிலே அதன் குலச்சின்னம். அதனை மறைப்பதற்கு மனமின்றித் தகட்டை ஒருபுறமாக ஒதுக்கினர். 1997இல் வெளிவந்த 156 என்னும் வண்டியில் இவ்வொதுக்கம் ஓர் அணியாகவே மாறிவிட்டது. கட்டாயத்தினாற் பிறந்தது பின்னர் மரபாகப் போற்றப்படுதல் கலை வரலாற்றிற் புதியதன்று.

1964இல் வெளிவந்த 'கோல்ட்ஃபிங்கர்' திரைப்படத்தில் ஜேம்ஸ் பொண்ட் செலுத்தும் அஸ்ரன் மார்ட்டின் வண்டியின் தகடு சுழன்று பிரித்தானிய, பிரெஞ்சு, சுவிஸ் இலக்கங்களை மாறிமாறிக் காட்டும். பார்வையாளர் அதனை இரசித்தனர். ஒவ்வொரு ஸ்போர்ட்ஸ் கார்க்காரனின் உள்ளத்திலும் உறையும் ஆசையைத் திரையிற் கண்டமையே அதற்குக் காரணமாகலாம்.

அமெரிக்காவில் இன்றும் ஏறத்தாழ 20 மாநிலங்கள் முன் தகட்டை வேண்டுவதில்லை. இதில் ஒரு முரண்நகை உண்டு. அமெரிக்காவின் பெயர்பெற்ற ஸ்போர்ட்ஸ் காரான கோர்வெற், 1981 முதல் கென்டக்கி மாநிலத்தின் போலிங் கிறீன் நகரிற் செய்யப்பட்டு வருகின்றது. கென்டக்கியில் முன் தகடு தேவையில்லை. வழுவழுப்பான மூக்கோடு அங்கே பிறக்கும் வண்டி, இரு தகட்டை வேண்டும் கலிபோர்னியாவிலோ ரெக்சசிலோ ஒருவர் கைக்குப் போகும்போதுதான் அதன் பம்பரிலே துளையிடும் கேள்வி எழுகின்றது. துளையிட மனமில்லாதோர், பழுதடைந்த வண்டியை இழுப்பதற்கெனப் பம்பரில் விடப்பட்டிருக்கும் திருகுத் துளையில் ஒரு தண்டைப் பூட்டி, அதன் நுனியிலே தகட்டைப் பொருத்துகின்றனர். தகடு ஒருபுறமாக நிற்கும், வேண்டாதபோது கழற்றிவிடலாம். அல்பா ரோமியோ கலையாகச் செய்ததை இவர்கள் சிக்கனமாகச் செய்கின்றனர். அப்பிள் நிறுவனத்தின் ஸ்ரீவ் ஜொப்ஸ் கையாண்டதாகக் கூறப்படும் வழி மேலும் நுட்பமானது. புதிய வண்டிக்குத் தகடு மாட்டக் கலிபோர்னியாச் சட்டம் ஆறு மாத அவகாசம் கொடுத்திருந்தது. அவர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரே வகையான மேர்சிடிஸ் வண்டியை மாற்றி மாற்றிக் குத்தகைக்கு எடுத்து, முன்னும் பின்னும் தகடின்றியே ஓடினாராம். 2011இல் அவர் மறைந்தார். 2019 ஜனவரி முதல் புதிய வண்டிகளுக்குத் தற்காலிகத் தகட்டைக் கட்டாயமாக்கி அம்மாநிலம் அவ்வாயிலை அடைத்தது.

இவ்வளவும் கூறியபின், முன் தகடு வேண்டியதுதானா என்னும் வினா எழுகின்றது. பிரித்தானியா தானே ஒருமுறை இல்லை என விடை கூறியுள்ளது. மோட்டார்ச் சைக்கிளின் முன் மட்கார்ட்டின் மேல் கத்திபோல் நின்ற தகடு, மோதப்பட்ட பாதசாரியை வெட்டிக் காயப்படுத்தும் அபாயம் கொண்டதாகையால் 1975இல் அக்கட்டாயம் நீக்கப்பட்டது. காரின் தகட்டுக்கு அத்தகைய குற்றச்சாட்டு இல்லை. அதற்குச் சார்பான வாதமோ வலுவடைந்து வந்துள்ளது. ஜேர்மனியில் வேகக் குற்றத்துக்குப் பொறுப்பாளி வண்டியின் உரிமையாளர் அல்லர், ஓட்டியவரே. ஆகவே கமரா முன்னிருந்து படம் பிடித்து, முகத்தையும் இலக்கத்தையும் ஒருசேரக் காட்டவேண்டியுள்ளது. 1976இல் பிரித்தானியப் பொலிஸாரின் விஞ்ஞானப் பிரிவில் உருவான, இலக்கத்தை இயந்திரமே வாசிக்கும் முறைக்கும் இரு தகடு இருப்பின் வாய்ப்பும் இரண்டாகும். 1901இற் பிரெஞ்சு ஆணை எதிர்பார்த்த கண்கள் வழிப்போக்கனுடையவை. இன்று பார்ப்பவை இயந்திரத்தின் கண்கள். கவலை கொள்வதாயின் தகட்டின் அழகைப் பற்றியன்று, இம்மாற்றத்தைப் பற்றியே கொள்ளவேண்டும். ஸ்போர்ட்ஸ் கார்க்காரரின் முறைப்பாடுகளில் இது அருகியே கேட்கின்றது.

ஒஹாயோ மாநிலத்தில் நிகழ்ந்தது இவ்விரு பக்கத்தையும் எடுத்துக்காட்டும். அதனைச் சூழ்ந்த மிச்சிகன், இந்தியானா, கென்டக்கி, மேற்கு வேர்ஜீனியா, பென்சில்வேனியா ஆகிய ஐந்து மாநிலங்களும் பின் தகட்டை மட்டுமே வேண்டுவன. இடையே ஒஹாயோ மட்டும் இரண்டைக் கேட்டது. நிறுத்தப்பட்ட பாடசாலை பஸ் ஒன்றில் பிள்ளைகள் ஏறி இறங்கும்போது எதிர்த்திசையிலிருந்து ஒருவன் நில்லாது பாய்ந்து செல்வானாயின், பஸ் சாரதியின் கண்ணுக்கு முதலில் எட்டுவது அவ்வண்டியின் முன்புறமே. அங்கே இலக்கம் இல்லையேல் முறையிடுதற்கும் எதுவுமில்லை. முன் தகட்டை நீக்குவதற்கு எதிராக அங்கு எழுந்த வாதங்களுள் வலுவானது இதுவே. எனினும் 2019இல் சட்டம் திருத்தப்பட்டு, 2020 யூலை முதலாந் திகதி கட்டாயம் நீங்கிற்று. தகட்டைக் கழற்றியவர்களின் பம்பரில் முன்னர் இட்ட துளைகள் அவ்வாறே இருந்தன.