எந்தப் படம் முதலில்? ஒழுங்கும் வேகமும் பற்றி ஒரு சிறு வரலாறு

2022ஆம் ஆண்டு மின்வெட்டு ஒரு கட்டத்தில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை போனது எல்லாருக்கும் நினைவிருக்கும். அந்த நாட்களில் நிகழ்வொன்றின் படங்களை ஒரு பழைய மேசைக் கணினியில் திருத்திக்கொண்டிருந்தபோது எங்களுக்குள் ஒரு வாக்குவாதம் வந்தது. "சின்னப் பைல்களை முதல்ல போடு, கெதியா முடியும்" என்றது ஒரு பக்கம். "எந்த ஒழுங்கில போட்டாலும் வேலை ஒண்டுதானே" என்றது மறுபக்கம். டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய் வரை ஏறியிருந்த நேரம். புதுக் கணினி வாங்குவோம் எண்டு ஒருத்தரும் சொல்லவில்லை. இருக்கிற மெசினில்தான், கரண்ட் போறதுக்குள்ள முடிக்கவேண்டும்.

கேள்வி சின்னதுதான். ஆனால் கணினிக்காரர் இதோடு கிட்டத்தட்ட எழுபது வருசமாக மல்லுக்கட்டுகிறார்கள்.

1956இல் டபிள்யூ. ஈ. ஸ்மித் என்பவர், ஒரே ஒரு இயந்திரத்தில் பல வேலைகளை எந்த வரிசையில் செய்வது என்று ஒரு கட்டுரை எழுதினார். அவர் சொன்னதைப் படங்களுக்குப் பொருத்திப் பார்ப்போம். மூன்று படங்கள், ஒன்றுக்கு 1 நிமிடம், ஒன்றுக்கு 2, மற்றதுக்கு 10. எந்த ஒழுங்கில் செய்தாலும் மொத்தம் 13 நிமிடம்தான். ஆனால் சின்னதை முதலில் செய்தால் 3ஆவது நிமிடத்திலேயே இரண்டு படங்கள் கையில் இருக்கும். பெரியதை முதலில் செய்தால் அந்த இடத்துக்கு வர 12 நிமிடம் வேண்டும். 5ஆவது நிமிடத்தில் கரண்ட் போனால்? முதல் வழியில் இரண்டு படம் மிஞ்சும். இரண்டாவது வழியில் ஒன்றுமே இல்லை.

அதே 1956இல்தான் ஐ.பி.எம். நிறுவனம் ரமாக் என்ற கணினியோடு முதல் வன்தட்டைக் கொண்டுவந்தது. 50 தட்டுகள், ஏறக்குறைய 50 இலட்சம் எழுத்துகளுக்கு இடம். தட்டுகளுக்கு இடையே ஒரு கை ஏறி இறங்கித் தரவைத் தேடும். தேடிப் பிடிக்கச் சராசரியாக 600 மில்லிசெக்கன் எடுத்தது. பின்னால் வந்த வன்தட்டுகள் நிமிடத்துக்கு 7,200 தடவை சுழன்றாலும் அந்தத் தேடல் இல்லாமல் போகவில்லை. பைல்கள் தட்டில் அடுத்தடுத்துக் கிடந்து, அந்த ஒழுங்கிலேயே வாசித்தால் கைக்கு வேலை குறைவு. அங்கொன்று இங்கொன்றாக வாசித்தால் ஒவ்வொரு முறையும் காத்திருப்புத்தான். எஸ்.எஸ்.டி.யில் கையும் இல்லை, சுழற்சியும் இல்லை. அதனால் அங்கே இந்தக் கவலை பெரும்பாலும் போய்விட்டது.

மற்றச் சிக்கல் நினைவகம். 1962இல் மான்செஸ்டரில் இயங்கத் தொடங்கிய அட்லஸ் கணினியின் வேக நினைவகத்தில் 16,384 சொற்களுக்கே இடம் இருந்தது. இடம் போதாதபோது, தரவைத் துண்டு துண்டாகச் சுழலும் உருளை ஒன்றுக்கு அனுப்பி, தேவைப்படும்போது திரும்ப எடுக்கும் முறையை டொம் கில்பேர்னின் குழு உருவாக்கியது. அப்படியென்றால் எதை வெளியே அனுப்புவது? 1966இல் ஐ.பி.எம். ஆய்வாளர் லாஸ்லோ பெலாடி இதை ஆராய்ந்தார். இனி எது கடைசியாகத் தேவைப்படுமோ அதை அனுப்புவதுதான் மிகச் சிறந்தது. ஆனால் இயந்திரத்துக்கு எதிர்காலம் தெரியாது. அதனால் கனநேரம் தொடாததை அனுப்புவது பொது வழக்கமாகிவிட்டது.

இந்த வழக்கம் தடுக்கி விழும் ஒரு இடம் உண்டு. நினைவகத்தில் 4 படங்களுக்கு இடம், கையில் 5 படங்கள். முதலில் எல்லாவற்றுக்கும் வெளிச்சம் திருத்துகிறோம். 5ஆவது படம் வரும்போது 1ஆவது வெளியேறும். பிறகு நிறம் திருத்த மறுபடி 1இலிருந்து தொடங்கினால், 1ஐ எடுக்க 2 வெளியேறும், 2ஐ எடுக்க 3 வெளியேறும். ஐந்தையும் திரும்ப வன்தட்டிலிருந்துதான் வாசிக்கவேண்டும். அதையே 5இலிருந்து பின்னோக்கி வந்தால் 5, 4, 3, 2 எல்லாம் ஏற்கனவே உள்ளே இருக்கும். 1ஐ மட்டும் வாசித்தால் போதும். வயல் உழுகிறவர் ஒரு சால் முடிந்ததும் வெறுங்கையோடு பழைய முனைக்கு நடந்து வருவதில்லை, நின்ற முனையிலேயே திரும்பி உழுவார். அதே கணக்குத்தான்.

படத் திருத்த மென்பொருள்கள் பிறந்ததே இந்தத் தட்டுப்பாட்டுக்குள். 1987இல் தோமஸ் நொல் பிற்காலத்தில் போட்டோஷொப் ஆன நிரலை எழுதத் தொடங்கியது மக்கின்டொஷ் பிளஸ் கணினியில். அது 1 மெகாபைட் நினைவகத்தோடு வந்த மெசின். இன்றைய 12 மெகாபிக்சல் படம் ஒன்றை விரித்தாலே 36 மெகாபைட் வேண்டும். 1990இல் அடோபி அதை வெளியிட்டபோது மக்கின்டொஷ் இயங்குதளத்தில் மெய்நிகர் நினைவகம் இல்லை. அது அடுத்த வருசம்தான் வந்தது. அதனால் போட்டோஷொப் தனக்கென்று சொந்தமாக ஒன்றை வைத்திருந்தது. படத்தைத் துண்டுகளாக்கி, தேவையானதை மட்டும் உள்ளே வைத்து, மிச்சத்தை வன்தட்டில் போடும். இன்றைக்கும் அது கேட்கிற 'ஸ்கிராட்ச் டிஸ்க்' அந்தக் காலத்து மிச்சம்தான்.

இன்னொரு திருப்பமும் உண்டு. இப்போதைய கணினிகளில் பல கோர்கள் ஒரே நேரத்தில் வேலை செய்கின்றன. 2, 2, 4 நிமிட வேலைகளை இரண்டு கோர்களுக்குக் கொடுங்கள். சின்னது முதலில் என்றால் முடிய 6 நிமிடம். பெரியது முதலில் என்றால் 4 நிமிடம்தான். பெரியதை முதலில் கொடுக்கும் இந்த முறை, மிகச் சிறந்த நேரத்தின் மூன்றில் நான்கு மடங்கைத் தாண்டாது என்று 1969இல் ரொனால்ட் கிரஹம் நிறுவினார்.

ஆகவே எங்கட வாக்குவாதத்தில் இரண்டு பக்கமும் பாதி சரி. எஸ்.எஸ்.டி.யும் தாராளமான நினைவகமும் இருந்தால், ஒன்றொன்றாகச் செய்யும்போது ஒழுங்கைப் பற்றி மண்டையை உடைக்கத் தேவையில்லை. பழைய மெசின் என்றால் ஒரு படத்தின் எல்லாத் திருத்தங்களையும் முடித்துவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். இல்லாட்டி இரண்டாம் சுற்றைக் கடைசியிலிருந்து தொடங்குங்கள். பெலாடியின் இயந்திரத்துக்குத் தெரியாத எதிர்காலம் எங்களுக்குத் தெரியும். அடுத்து எந்தப் படம் என்ற பட்டியல் எங்கட கையில்தான் இருக்கிறது.

ஸ்மித்தின் கட்டுரையில் இன்னொரு விசயமும் இருந்தது. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு முக்கியத்துவம் இருந்தால், எடுக்கும் நேரத்தை அந்த முக்கியத்துவத்தால் வகுத்துத்தான் வரிசை போடவேண்டும். அன்றைக்கு அடுத்த நாள் காலை ஒருவருக்குக் கொடுக்கவேண்டிய படங்கள் சில இருந்தன. நாங்கள் சின்னது பெரியது எண்டு சண்டை பிடித்து முடிக்க முதல் கரண்ட் போய்விட்டது. அந்தப் படங்களில் ஒன்றுகூட முடிந்திருக்கவில்லை.