காயம்பட்ட மானும் 44 மேக்னமும்

44 மேக்னம் தோட்டாவிலிருந்து குண்டை மட்டும் உருவி வெர்னியரில் அளந்தால் 0.44 அங்குலம் வராது, 0.429 வரும். 38 ஸ்பெஷலின் குண்டு 0.38 கிடையாது, 0.357. 19ஆம் நூற்றாண்டில் குண்டும் அதைப் பிடித்திருக்கும் பித்தளைக் கூடும் வெளிப்பக்கம் ஒரே விட்டத்தில் இருந்தன. பிறகு குண்டு கூட்டுக்குள் இறங்கி உட்கார்ந்தது, அதனால் இளைத்தது. பெயரை மட்டும் யாரும் மாற்றவில்லை. பழைய கோடைக் கட்டி மேய்த்தவர்களுக்கு இது உடனே புரியும். வேரியபிளின் பெயர் ஒன்று சொல்லும், உள்ளே வேறொரு மதிப்பு இருக்கும், தொடப் பயந்து எல்லோரும் அப்படியே விட்டிருப்பார்கள்.

இந்த எண்களை வைத்து அமெரிக்க வேட்டைக்காரர்கள் முக்கால் நூற்றாண்டுக்கு மேலாகச் சண்டை போடுகிறார்கள். மான், எல்க், கரடி மாதிரி பெரிய மிருகத்தைக் கைத்துப்பாக்கியால் சுட எந்தக் காலிபர் போதும்? 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வளர்ந்த நமக்கு இந்தக் கேள்வியே அந்நியமானது. நான் துப்பாக்கியைத் தொட்டதுகூட இல்லை. ஆனாலும் இந்த வரலாறு என்னை விடவில்லை. அந்தச் சண்டைக்கு அடியில் ஒரு நியாயமான பயம் இருக்கிறது: அடிபட்ட மிருகம் சாகாமல் காட்டுக்குள் ஓடிவிட்டால்?

அந்தப் பயத்துக்குக் காரணம் எளிய இயற்பியல். 30-06 மாதிரியான ரைஃபிள் குண்டு வினாடிக்குச் சுமார் 2,700 அடி வேகத்தில் போகிறது. அந்த வேகத்தில் அது போகிற பாதைக்கு வெளியே இருக்கும் சதையையும் கிழிக்கும். கைத்துப்பாக்கிக் குண்டின் வேகம் அதில் பாதிதான். அது பெரும்பாலும் தன் அகலத்துக்கு ஒரு துளை போடும், அவ்வளவுதான். அந்தத் துளை தோல், தசை, விலா எலும்பு எல்லாவற்றையும் தாண்டி இரண்டு நுரையீரல்களையோ இதயத்தையோ கடந்தாக வேண்டும். இல்லையென்றால் 300 கிலோ எல்க் எழுந்து ஓடும். எங்கோ ஒரு புதரில் மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில் கிடந்து சாகும்.

எல்மர் கீத் இந்தக் கணக்கோடு வாழ்நாள் முழுக்க மல்லுக்கட்டிய ஆள். 1899இல் மிசூரியில் பிறந்தவர், பிற்பாடு ஐடஹோவில் பண்ணைக்காரர், வேட்டை வழிகாட்டி, துப்பாக்கிப் பத்திரிகைகளின் எழுத்தாளர். 1925 ஜூலை 4, அமெரிக்கச் சுதந்திர தினம். 45 கோல்ட் ரிவால்வரில் கனமான தோட்டாவைப் போட்டுக் கொண்டாட்டமாகச் சுட்டார். துப்பாக்கி வெடித்துப் பிளந்தது. அவருக்குப் பெரிய காயமில்லை. அந்த உடைந்த இரும்பிலிருந்து அவர் எடுத்த முடிவுதான் முக்கியம். ரிவால்வரின் சுழலும் உருளைக்கு ஓர் அளவுதான். அதில் பெரிய துளை போட்டால் சுற்றுச்சுவர் மெலிகிறது. ஆகவே 45-ஐ விட்டு 44 ஸ்பெஷலுக்கு மாறினார். காலிபரைக் குறைத்ததால் அதிக அழுத்தம் தாங்கும் சுவர் கிடைத்தது.

கடையில் விற்ற 44 ஸ்பெஷல் வினாடிக்குச் சுமார் 750 அடி வேகத்தில் மந்தமாகப் போனது. கீத் தானே வடிவமைத்த தட்டை மூக்குக் குண்டை, 250 கிரெயின், அதாவது 16 கிராம் எடையில், 1,200 அடி வேகத்துக்குத் தள்ளினார். இதை ஆலையிலேயே செய்து கொடுங்கள் என்று முப்பது வருஷம் நச்சரித்தார்.

இடையில் 1935இல் ஸ்மித் & வெஸ்ஸன் 357 மேக்னத்தை இறக்கியது. மேக்னம் என்பது ஒயின் வியாபாரத்தின் சொல், பெரிய பாட்டில். நிறுவனக் குடும்பத்தைச் சேர்ந்த டக்ளஸ் வெஸ்ஸன் அந்தத் துப்பாக்கியோடு போய் எல்க், மூஸ், கிரிஸ்லி கரடி வரை சுட்டுக் காட்டினார். விளம்பரத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? கீத் மசியவில்லை, பெரிய மிருகத்துக்கு அந்தக் குண்டு எடை பத்தாது என்றார்.

357-இல் எனக்குப் பிடித்தது வேறொன்று. அதன் கூடு 38 ஸ்பெஷலின் கூடேதான், சுமார் 3 மில்லிமீட்டர் நீளம் அதிகம். நீட்டியதன் நோக்கம் கூடுதல் மருந்துக்கு இடம் தேடுவது மட்டுமே அல்ல. பழைய, பலவீனமான 38 துப்பாக்கிகளில் இந்தப் புதுத் தோட்டா நுழையவே கூடாது. பழைய தோட்டா புதுத் துப்பாக்கியில் ஓடும், புதுத் தோட்டா பழையதில் ஓடாது. பேக்வர்ட் கம்பேட்டிபிலிட்டியை மூன்று மில்லிமீட்டர் பித்தளையில் எழுதிவிட்டார்கள்.

1955 கடைசியில் கீத் கேட்டது வந்தது. ரெமிங்டன் தோட்டா செய்தது, ஸ்மித் & வெஸ்ஸன் துப்பாக்கி செய்தது. 44 ஸ்பெஷலையும் அதேபோல் நீட்டி, 44 மேக்னம். 240 கிரெயின் குண்டு, சுமார் 1,400 அடி வேகம். கீத் கேட்டதைவிட அதிகமாகவே கொடுத்தார்கள். அப்படியும் அதன் ஆற்றல் 30-06இல் மூன்றில் ஒரு பங்கு அளவுதான்.

கீத்தின் பெயரோடு ஒட்டிக்கொண்ட கதை இதற்குப் பிறகு வருவது. உடன் வந்தவர் ரைஃபிளால் சுட்ட மான் காயத்தோடு மலைச்சரிவில் தப்பிக்கொண்டிருந்தது. சுமார் 600 கஜம், அரைக் கிலோமீட்டருக்கு மேல். கீத் 44 மேக்னம் ரிவால்வரை எடுத்தார், குண்டு விழும் இடத்தைப் பார்த்துப் பார்த்துத் திருத்திச் சுட்டு மானை அடித்ததாக அவரே எழுதியிருக்கிறார். பொய் என்றார்கள், சர்க்கஸ் என்றார்கள். அவர் சொன்ன நியாயம், அது ஏற்கெனவே அடிபட்ட மிருகம், அதை அப்படியே விட முடியாது என்பது. எனக்கு இந்தக் கதையில் தூரம் பெரிய விஷயமாகத் தெரியவில்லை. அந்த மானைக் காயப்படுத்தியது கைத்துப்பாக்கி இல்லை, மூன்று மடங்கு சக்தி கொண்ட ரைஃபிள் வகை. சக்தி இருந்தும் குண்டு சரியான இடத்தில் படவில்லை.

சந்தை இந்தப் பக்கத்தைப் படிக்கவில்லை. 1971இல் ‘டர்ட்டி ஹாரி’ படத்தில் கிளின்ட் ஈஸ்ட்வுட் 44 மேக்னத்தை நீட்டினார். அதற்குப் பிறகு அதை வாங்கப் போனவர்களில் எத்தனை பேர் எல்க்கை நினைத்திருப்பார்கள்? 1983இல் 454 கசுல் துப்பாக்கிகள் விற்பனைக்கு வந்தன. 2003இல் 500 எஸ்&டபிள்யூ. அதன் நீளக்குழல் துப்பாக்கி மட்டும் சுமார் 2 கிலோ. ஆற்றலில் ரைஃபிளைத் தொட்டாயிற்று. ஆனால் பின்உதைப்பு கைக்குத்தானே வருகிறது? அதை எதிர்பார்த்து, விசையை அழுத்தும் முன்பே கை தானாகச் சுளிக்கும். குழல் ஒரு மயிரிழை அசைந்தால் போதும், நுரையீரலுக்குப் போக வேண்டிய குண்டு குடலுக்குப் போகும். வேட்டையில் அதைவிடக் கொடூரமான காயம் கிடையாது. மிருகத்தின் வேதனையைக் குறைக்கக் கூட்டிய எண், ஓர் எல்லைக்கு மேல் அந்த வேதனையைத் திரும்பக் கொண்டுவருகிறது.

சட்டமும் எண்ணில்தான் பேசுகிறது, வேறு வழியில்லை. கொலராடோவில் பெரிய மிருகத்தைக் கைத்துப்பாக்கியால் சுட வேண்டுமென்றால் தோட்டாவுக்கு 50 கஜத்தில் குறைந்தது 550 அடி-பவுண்டு ஆற்றல் இருக்க வேண்டும். இன்று கடையில் கிடைக்கும் 357 தோட்டாக்கள் பல இதில் தேறாது, 44 தாராளமாகத் தேறும். நல்ல விதிதான். ஒரு தோட்டாவுக்குத் தகுதி இருக்கிறதா என்று அது சொல்லிவிடும். அதே 50 கஜத்தில் அந்தத் தோட்டாவைச் சுடுகிறவர் ஒரு தட்டு அகலத்துக்குள் அடிப்பாரா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். அடிக்க முடியாதென்றால் 30 கஜத்துக்குப் போக வேண்டும், அங்கேயும் முடியாதென்றால் சுடாமல் திரும்பி வர வேண்டும்.