ஆவியும் அருளும்

கண்ணுக்குப் புலனாகாத இறையாற்றலுக்குப் பெயரிட முற்பட்ட பண்டை மக்கள், பல நாடுகளில் மூச்சையும் காற்றையுமே துணைக்கு அழைத்தனர். எபிரேயரின் ‘ரூவாக்’, கிரேக்கரின் ‘நியூமா’, அரபியரின் ‘ரூஹ்’ ஆகிய சொற்கள் மூச்சோடும் காற்றோடும் உறவுடையன. நீராவி, மூச்சு, உயிர் எனப் பொருள்தரும் தமிழின் ‘ஆவி’யும் அவ்வினத்தைச் சேர்ந்ததே.

அச்சொல் கிறித்தவத்தில் இடம்பெற நெடுங்காலம் ஆயிற்று. 1578-இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சேறிய காலத்தில், ‘இஸ்பிரீத்து சாந்து’ என்னும் போர்த்துகீசியத் தொடரே கத்தோலிக்கத் தமிழில் வழங்கிற்று. ‘பரிசுத்த ஆவி’, ‘தூய ஆவி’ என்பன பின்னரே நிலைபெற்றன.

இரப்பர்த் தோட்டங்களில் உழைக்கப் பேராக் வந்த தமிழரோ ‘அருள்’ என்னும் சொல்லை உடன் கொணர்ந்தனர். தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் கரகம் எடுப்பார்மீது அன்னை இறங்குவதை ‘அருள் வந்தது’ என்றனர். சிவத்தினின்று பிரியாத சத்தியே திருவருள் எனச் சைவ சித்தாந்தம் கூறுவதும், பாமரர் கண்ட இவ்வனுபவமும் ஒரு சொல்லில் சந்தித்தன.

ஈப்போவில் இச்சமயங்கள் யாவும் அருகருகே வாழ்கின்றன. கல்லுமலையில் முருகன் கோயில் கொண்டுள்ளான். சிலிபினில் லூர்து மாதா ஆலயம் உள்ளது. பங்ளிமா கிந்தா பள்ளிவாசல் 1898-இல் எழுந்தது. பேராக் தோங் என்னும் பௌத்தக் குகைக்கோயில் 1926-இல் தோன்றியது.

பெயர்கள் ஒத்தமையால் கொள்கைகளும் ஒன்றென எண்ணுதல் பிழையாகும். கிறித்தவர்க்குத் தூய ஆவியார் இறைவனே. 381-இல் கான்ஸ்டான்டிநோபிளில் கூடிய சங்கம் இதனை உறுதி செய்தது. இசுலாத்தில் ‘ரூஹ்’ இறைவனது படைப்பு. ‘ரூஹுல் குத்ஸ்’ என்பது வானவர் ஜிப்ரீலைக் குறிக்கும் என்பர் உரையாசிரியர் பலர். பௌத்தமோ நிலையான ஆன்மா இல்லை என்னும் அனாத்ம வாதத்தை உடையது.

தோட்டங்கள் பல துண்டாடப்பட்டு, மக்கள் நகர்ப்புறம் பெயர்ந்தனர். ஆதலின், பல சமயத்து மாணவர் இன்று ஒரே வகுப்பில் அமர்கின்றனர். அவர்களுள் பலர்க்கு ‘ஆவி’ என்றதும் பேய்க்கதையே நினைவிற்கு வருகின்றது. அண்டை வீட்டாரின் வழிபாட்டுச் சொல் நகைப்பிற்குரியதாவது இவ்விடத்திலேதான். சொல்லின் பழம்பொருளை விளக்கி, ஒவ்வொரு சமயமும் அதற்கு ஏற்றிய தனிப்பொருளையும் பிரித்துக் காட்டுதல் தமிழாசிரியர் கடன். எல்லாம் ஒன்றே என மழுப்புவதினும், வேறுபாட்டை அறிந்து மதிப்பதே மெய்யான சமய நல்லிணக்கமாகும்.