இறகு நிறமும் பால் அறிதலும்: கோழி இனவிருத்தி வரலாற்றில் சில கலைச்சொற்கள்

1. முன்னுரை

தொல்காப்பிய மரபியல் பறவைகளின் ஆண்பாற் பெயரையும் பெண்பாற் பெயரையும் தனித்தனியே வகுத்துரைக்கிறது. சேவல் ஆண்பாலுக்கும், பேடை, பெடை என்பன பெண்பாலுக்கும் உரியவை. அளகு என்பது கோழிக்கும் கூகைக்கும் சிறப்பாக உரிய பெண்பாற் பெயர். ஆனால் பறவைகளின் இளமைப் பெயர்களான பார்ப்பு, பிள்ளை என்பவற்றில் இத்தகைய பால் பகுப்பு இல்லை. இன்றைய வழக்கிலுள்ள 'குஞ்சு' என்னும் சொல்லும் அவ்வாறே இரு பாற்கும் பொதுவானது. பொரித்த அன்று கோழிக்குஞ்சின் பாலைப் பிரித்தறிதல் அரிது என்ற நிலை இருபதாம் நூற்றாண்டில்தான் மாறியது. அம்மாற்றத்தின் வரலாற்றையும், அதனோடு தோன்றிய கலைச்சொற்களைத் தமிழாக்குவதில் எழும் சிக்கல்களையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

2. கலப்பின் வழி

மெண்டலின் விதிகள் விலங்குகளுக்கும் பொருந்தும் என்பதை 1902இல் பேட்சன் கோழிகளைக் கொண்டே காட்டினார். 1908இல் அமெரிக்க அறிஞர் ஸ்பில்மன், பிளிமத் ராக் கோழியின் பட்டை வரி பாலோடு பிணைந்து மரபுவழி வருவதைச் சுட்டினார். சேவலுக்கு இரண்டு இசட் குரோமோசோம்கள் உண்டு. பெட்டைக்கு ஓர் இசட்டும் ஒரு டபிள்யூவும் உண்டு. ஆகவே பெட்டை தன் இசட் குரோமோசோமை ஆண் குஞ்சுகளுக்கு மட்டுமே அளிக்கிறது. பெண் குஞ்சு தன் ஒரே இசட் குரோமோசோமைத் தந்தையிடமிருந்து பெறுகிறது.

இதன் பயனை உணர்ந்தவர் கேம்பிரிட்ஜ் மரபியல் பேராசிரியர் புன்னெட். முதல் உலகப்போர்க் காலத்தில் பிரிட்டனில் தீவனம் அரிதாயிற்று. முட்டையிடாத ஆண் குஞ்சுகளை முதல் நாளிலேயே விலக்கினால் தீவனம் மிஞ்சும் என்பதால், இறகு நிறத்தைக் கொண்டு பாலை அறியும் முறையை அவர் முன்வைத்தார். 'பொன்' நிறப் பண்புடைய ரோட் ஐலண்டு ரெட் சேவலையும் 'வெள்ளி' நிறப் பண்புடைய லைட் சசெக்ஸ் பெட்டையையும் இணைத்தால், ஆண் குஞ்சுகள் தாயின் பண்பைப் பெற்று வெளிர் மஞ்சளாகவும், பெண் குஞ்சுகள் தந்தையின் பண்பைப் பெற்றுச் செம்பழுப்பாகவும் பிறக்கும். சேவலையும் பெட்டையையும் மாற்றி இணைத்தால் இப்பயன் கிட்டாது. இக்குஞ்சுகளை வளர்த்துத் தம்முள் இணைத்தாலும் கிட்டாது. அடுத்த தலைமுறையில் இரு நிறங்களும் இரு பாலிலும் கலந்தே வரும்.

3. இனத்தின் வழி

தலைமுறைதோறும் தானே பால் காட்டும் இனம் ஒன்றை 1920களின் இறுதியில் புன்னெட்டும் மைக்கேல் பீஸும் உருவாக்கினர். பட்டை வரியின் மரபணு குஞ்சின் மென்தூவியை வெளிறச் செய்யும். தலையில் ஒரு வெண்புள்ளியையும் தோற்றுவிக்கும். தூய இனத்தில் இம்மரபணு சேவலில் இரண்டாகவும் பெட்டையில் ஒன்றாகவும் இருப்பதால், வெளிறும் அளவு பாலுக்கேற்ப வேறுபடும். கருந்தூவியின்மீது இவ்வேறுபாடு எப்போதும் தெளிவாக இராது. பழுப்பு வரித் தூவியின்மீது தெளிவாகப் புலப்படும். எனவே பிளிமத் ராக்கின் பட்டை வரியைப் பொன்னிறக் கேம்பைன் இனத்தில் சேர்த்துக் 'கேம்பார்' இனத்தை அவர்கள் பெற்றனர். பின்னர் லெகார்னிலிருந்து 'லெக்பார்', டார்க்கிங்கிலிருந்து 'டார்பார்', வெல்சம்மரிலிருந்து 'வெல்பார்' முதலியன தோன்றின. 'பட்டை வரியுடைய' எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் சிதைந்த வடிவமாகிய 'பார்' இங்கு ஆக்கமுள்ள விகுதிபோல் இயங்குவது சொல்லாக்க நோக்கில் கருதத்தக்கது.

இதே காலத்தில் ஜப்பானில் மசுயி கியோஷியும் அவருடன் ஆய்ந்தோரும் எருவாய்ப் பகுதியைப் பார்த்துப் பாலை அறியும் முறையை வகுத்தனர். அம்முறை நிறத்தைச் சாராதது, எவ்வினத்திற்கும் பொருந்துவது. 1930களில் அது பிற நாடுகளிலும் பரவியதால், பால் காட்டும் தூய இனங்கள் பெருந்தொழிலில் நிலைபெறவில்லை.

4. தமிழாக்கச் சிக்கல்கள்

மேற்கூறிய இரண்டும் ஆங்கிலத்தில் வெவ்வேறு சொற்களால் குறிக்கப்படுகின்றன. கலப்பின் பெயர் 'பால் பிணைந்தது' என்னும் பொருளுடையது. இனத்தின் பெயர் 'தானே பால் காட்டுவது' என்னும் பொருளுடையது. ஆயினும் மரபணு நிலையில் இரண்டுமே பால் பிணைந்தவை. எனவே 'பால் பிணைந்த பண்பு' என்பதை மரபணுவுக்கு மட்டும் ஒதுக்கி, முன்னதைப் 'பால் காட்டும் கலப்பு' என்றும் பின்னதைப் 'பால் காட்டும் இனம்' என்றும் வழங்குதல் தகும். இங்குக் கலப்பு, இனம் என்னும் தலைச்சொற்களே வேறுபாட்டைச் சுமக்கின்றன. கலப்பை இனம் என மொழிபெயர்த்தால், அதை நம்பும் பண்ணையாளர் அடுத்த தலைமுறையில் பெட்டைகளையே சேவல் எனக் கருதி விலக்க நேரும்.

நிறச்சொற்களிலும் கவனம் தேவை. 'வெள்ளி' என்பது செந்நிறமியைத் தடுத்துக் கருமையை விட்டுவைக்கும் ஒரு மரபணுவின் பெயர். அதனை 'வெள்ளை' எனப் பெயர்த்தல் பிழை. கோழியின் வெண்மைக்கு வேறு மரபணுக்களும் காரணமாகலாம். அத்தகைய வெள்ளைப் பெட்டையைத் தேர்ந்தால் குஞ்சுகள் இரு பாலிலும் ஒரே நிறமாகப் பிறக்கக்கூடும்.

மூன்றாவது சிக்கல் பண்பாடு சார்ந்தது. பால் அறியப்பட்ட முட்டைக்கோழி இனத்து ஆண் குஞ்சுகள் பெரும்பாலும் முதல் நாளிலேயே கொல்லப்பட்டன. இதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் சொல்லின் அடிப்பொருள் பொறுக்கியெடுத்தல். தமிழ்ப் பண்ணை வழக்கின் 'கழித்தல்' அதற்கு நெருங்கியது. செருமானிய வழக்கோ 'குஞ்சு கொல்லுதல்' என்றே வெளிப்படையாகக் கூறுகிறது. செருமனியில் 2022 சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த தடையைக் 'கழித்தலுக்குத் தடை' எனத் தமிழாக்கினால், முட்டையிடாத முதிய கோழியைக் கழிப்பதும் தடுக்கப்பட்டதாகப் பொருள் திரியும்.

5. முடிவுரை

அத்தடைக்குப் பின் முட்டைக்குள்ளேயே பாலை அறியும் முறைகள் பெருகின. அவற்றுள் ஒன்று, பழுப்பு முட்டையிடும் கலப்புகளில் கருவின் இறகு நிறத்தை ஓட்டின் வழியே ஒளியால் காண்பதாகும். புன்னெட் கையாண்ட அதே நிற வேறுபாடு பொரிப்பதற்கு முன்னரே படிக்கப்படுகிறது. பார்ப்பு, பிள்ளை, குஞ்சு என்னும் பால் சுட்டாப் பெயர்கள் அமைவதற்கு முந்தைய நிலையிலேயே பால் முடிவாகிவிடுகிறது. இந்நிலைக்குரிய சொற்களைத் தமிழில் ஆக்குவோர், அறிதலையும் அதன் விளைவையும் ஒரே சொல்லில் மறைத்துவிடாமல் தனித்தனியே பெயரிடுதல் வேண்டும்.