சட்டத்துக்குப் பின்னால்

செட்டிநாட்டு வீடுகளின் பெல்ஜியம் கண்ணாடிகளை வியக்கிறவர்கள் தேக்குச் சட்டத்தோடு நின்றுவிடுகிறார்கள். தச்சர் வீட்டில் பிறந்த எனக்குச் சட்டத்துக்குப் பின்னால்தான் கண் போகும்.

சுண்ணாம்புக் காரைச் சுவரில் நேராக ஆணி அடித்தால் காரை உதிரும். அதனால் அப்பா முதலில் உளியால் குழி வெட்டுவார். தேக்குக் கட்டையை ஆப்பு போலச் சீவி, இறுக அடித்து, சுவர் மட்டத்துக்கு அறுத்துவிட்டு, அதில்தான் ஆணி இறக்குவார். கண்ணாடியின் அடிவிளிம்பு இரண்டு மரக்குமிழ்களில் உட்காரும். மேல்பக்கம் முன்னே சாய்ந்து நிற்கும். எடையைத் தாங்குவது குமிழ். மேலே கட்டிய கம்பி விழாமல் பிடிக்கும், அவ்வளவே. பின்னால் காற்றோடுவதால் சுவரின் ஈரம் ரசத்தை எளிதில் தொடாது.

ஆப்புக்கட்டையின் இந்த வேலையைச் செய்யவே 1911 வாக்கில் லண்டனில் ஜான் ஜோசப் ராலிங்ஸ் சணல் நாரில் சுவர் அடைப்பான் செய்தார். 1958-இல் ஜெர்மனியின் ஆர்தர் ஃபிஷர் அதை நைலானில் கொண்டுவந்தார். சுவருக்குள் இறுகிப் பிடிக்கும் சூட்சுமம் அப்பாவின் கட்டையில் இருந்ததுதான்.

இப்போது பலர் பசை போட்டு ஒட்டிவிடுகிறார்கள். கழற்றும்போது கண்ணாடி உடைகிறது. பெரிய கண்ணாடி மாட்டுகிறவர்களே, அடியில் தாங்கல் கொடுங்கள். பின்னால் ஒரு விரற்கடை விடுங்கள்.