ஏட்டில் இல்லாத மேடை

தேம்ஸ் ஆற்றின் தென்கரையில், 1587இல் பிலிப் ஹென்ஸ்லோ என்பார் ‘ரோஸ்’ என்னும் நாடக அரங்கைக் கட்டினார். மார்லோவின் நாடகங்கள் அங்கே ஆடப்பெற்றன. ஷேக்ஸ்பியரின் தொடக்கக்கால எழுத்தும் அங்கே மேடை கண்டது. ஹென்ஸ்லோ கணக்கில் கருத்தானவர். 1592 முதல் எந்த நாளில் எந்த நாடகம், வரவு எவ்வளவு என்று அவர் எழுதிவைத்த கணக்கேடு டல்விச் கல்லூரியில் இன்றும் உள்ளது. ஆயினும் மேடையின் வடிவம் யாது, நடிகர்கள் எவ்வளவு இடத்தில் நின்று ஆடினர் என்னும் வினாக்களுக்கு அவ்வேட்டில் விடையில்லை.

விடை 1989இல் மண்ணிலிருந்து வந்தது. அங்கிருந்த அலுவலகக் கட்டடத்தை இடித்துவிட்டுப் புதியது எழுப்ப முனைந்தனர். கடைக்கால் இடுவதற்குமுன் இலண்டன் அருங்காட்சியகத் தொல்லியலாளர் அகழ்ந்தபோது அரங்கின் அடித்தளம் வெளிப்பட்டது. பலகோண வடிவம், 1592இல் விரிவாக்கிய தடம், முன்நோக்கி ஒடுங்கும் சிறிய மேடை, நின்று காண்போர்க்காக மேடையை நோக்கிச் சரிந்த தரை. நம்மூர் மண் உண்டியலை ஒத்த காசுக்கலயங்களின் சில்லுகளும் கிடைத்தன. பிற்காலத் தரையில் ஹேசல் கொட்டை ஓடுகள் ஏராளம். பார்வையாளர் கொறித்துப் போட்டவை என்று சொல்லக் கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. தரையை இறுக்குவதற்காகச் சாம்பலோடு கொண்டுவந்து கொட்டிய தொழிற்கழிவு என்போரும் உளர்.

இவ்வளவும் கற்காரைக்குள் மறைந்திருக்கும். கட்டட அனுமதி முன்னரே வழங்கப்பட்டிருந்தது. தடுக்கச் சட்டம் துணை நிற்கவில்லை. நடிகர்களும் எழுத்தாளர்களும் பொதுமக்களும் திரண்டனர். அவ்வாண்டு சூலையில் மறைந்த லாரன்ஸ் ஒலிவியர் தம் இறுதி நாள்களில் இதற்காகக் குரல் கொடுத்தார். பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்க அரசு அப்போது மறுத்தது. வழக்காடிய அறக்கட்டளைக்கு வழக்குத் தொடரும் உரிமையே இல்லை என்று நீதிமன்றம் கூறிவிட்டது. நாடகம் யாருக்கு உரியது என்பதற்குச் சட்டம் அளித்த விடை அது! எனினும் எச்சங்களைத் தொடாதவாறு தூண்களை விலக்கிக் கட்டடத்தின் வரைபடத்தை மாற்றினர். அரங்கு மணலாலும் நீராலும் மூடப்பட்டது.

1990 நவம்பரில் இங்கிலாந்தில் புதிய அரசு வழிகாட்டுநெறி வந்தது. அனுமதி வழங்குமுன்னரே நிலத்தடியில் இருப்பதை ஆராய வேண்டும்; அச்செலவைக் கட்டுவோரே ஏற்க வேண்டும் என்பது அதன் சாரம். அதன்பின் மண்வெட்டும் பொறியின் அருகே தொல்லியலாளர் நிற்பது வழக்கமாயிற்று. பற்களற்ற வாளியால் மண்ணை மெல்லிய அடுக்குகளாக வழிப்பர். மண்ணின் நிறம் மாறினால் அவர் கை உயரும், பொறி நிற்கும். பின்னர்க் கைக்கரண்டி வேலை.

அந்நடைமுறையின் பயன் ஷோர்டிச் பகுதியில் தெரிந்தது. அங்கே கட்டுமானத் திட்டம் ஒன்றையொட்டி 2011இல் இட்ட சோதனைக் குழிகளில் ‘கர்ட்டன்’ அரங்கின் தடயம் தென்பட்டது. 2016இல் விரிவாக அகழ்ந்தபோது அது செவ்வக வடிவினது என்று புலனாயிற்று. அக்கால அரங்கு என்றாலே வட்டம் என்று கரும்பலகையில் வரைந்துவந்த என் போன்றோர், சுண்ணக்கட்டியை எடுத்து மீண்டும் வரைய வேண்டியதாயிற்று.

ரோஸ் அரங்கின் கிழக்குப் பகுதி இன்னும் அகழப்படாமல் மண்ணுக்குள் கிடக்கிறது.