மேசைக்கு அந்தப் பக்கம்

கவுஞ்சியில் பூண்டு காய்கிற களத்தோரம், அரசாங்க வேலையிலிருந்து ரிடையரான பெரியவர் ஒருத்தர் சொன்னார்: "வேலைக்குச் சேரும்போது கோட்டா இருந்துச்சு தம்பி. மேல போறதுக்கு இண்டர்வியூ வச்சாய்ங்க. மூணு தடவை போனேன். மூணு தடவையும் எந்த ஊரு, அப்பன் என்ன வேலைன்னுதான் கேட்டாய்ங்க. பார்த்த வேலையைப் பத்தி ஒரு கேள்வி கிடையாது. எனக்குப் பின்னால சேந்தவன் எனக்கே மேனேஜரா வந்தான்."

வாசலில் விட்டுவிட்டு மாடிப்படியில் மறிக்கிற இந்த வித்தை புதிதல்ல. இதைப் பற்றிய முக்கியமான வழக்கே சென்னையிலிருந்துதான் டெல்லிக்குப் போனது.

1959இல் ரயில்வே போர்டு சுற்றறிக்கை விட்டது. சீனியாரிட்டி மட்டும் போதாது, குழு உட்கார்ந்து ஆளைத் தேர்ந்தெடுக்கும் என்றிருந்த 'செலக்‌ஷன்' பதவிகளிலும் பட்டியல் சாதிகளுக்கும் பழங்குடிகளுக்கும் இடஒதுக்கீடு உண்டு என்றது. தென்னக ரயில்வே ஊழியர் ரங்காச்சாரி வழக்குப் போட்டார். சென்னை உயர்நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. ரயில்வே மேல்முறையீட்டுக்குப் போனது. 1961இல் உச்சநீதிமன்றம் இடஒதுக்கீடு செல்லும் என்றது. அதுவும் எப்படி? மூன்று நீதிபதிகள் இந்தப் பக்கம், இரண்டு பேர் அந்தப் பக்கம். பிரதிநிதித்துவம் என்றால் கீழே தலையெண்ணுவது மட்டுமல்ல, மேல் பதவியிலும் இடம் வேண்டும் என்பது கஜேந்திரகட்கர் எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பின் சாரம். ஒருத்தர் இடம் மாறியிருந்தால் அன்றைக்கே கதை முடிந்திருக்கும்.

முடிக்கத்தான் பார்த்தார்கள். 1992 நவம்பர் 16இல் மண்டல் வழக்கில், இடஒதுக்கீடு சேரும்போது மட்டும்தான், பதவி உயர்வில் கிடையாது, இருப்பது ஐந்து வருசம் ஓடட்டும் என்று தீர்ப்பு வந்தது. 1995இல் 77ஆம் திருத்தம் போட்டு அதை மீட்டது நாடாளுமன்றம். 1996இல் பதவி உயர்வுத் தேர்வுக்கான மார்க் தளர்வு பறிபோனது. அதைத் திரும்ப வாங்க 2000இல் 82ஆம் திருத்தம் வேண்டியிருந்தது. 2006இல் நாகராஜ் வழக்கு, மேல் பதவியில் போதிய ஆள் இல்லை என்று அரசு கணக்குக் காட்டினால்தான் கொடுக்கலாம் என்றது.

நாம் ஒரு படி ஏறினால் சட்டத்தையே திருத்த வேண்டியிருக்கிறது. மற்றவன் ஏறுவதற்கு மாமன் மச்சான் போதும், அதற்குப் பேர் தகுதி, திறமை!

கணக்கா கேட்கிறார்கள்? நாமும் ஒரு கணக்கு கேட்போம். இத்தனை வருசமாக அந்த மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து மார்க் போட்டவர்களில் நம்ம ஆள் எத்தனை பேர்?

கவுஞ்சிப் பெரியவரிடம் இதைக் கேட்டேன். "நான் போன மூணு தடவையும் ஒருத்தரும் இல்ல தம்பி" என்றார்.